காற்றைப் படித்தவர்கள்

நுழையும்முன்

நண்பகல் வெயிலில் பருந்தொன்று சிறகை அசைக்காமலே வட்டமிட்டு வட்டமிட்டு மேலேறுவதைக் காணாதவர் இலர். அது தன் வலிமையால் ஏறுவதில்லை. காற்றின் வலிமையால் ஏறுகிறது. அந்தப் பறவையின் நுட்பத்தைக் கற்றுக்கொண்ட மனிதர், விசைப்பொறி இல்லாத சிறகொன்றின்கீழ்த் தொங்கியபடி ஒரே பகலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்திருக்கின்றனர். அத்தகைய ஒரு பயணத்தையும் அதற்குத் துணைநின்ற அறிவியலையும் விளக்குகிறது இப்பாடம்.

ஒரு பகல், இருவர், ஒரு வானம்

2012ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3ஆம் நாள். அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத் தெற்கில், மெக்சிகோ எல்லையாக ஓடும் ரியோ கிராண்டி ஆற்றை ஒட்டி அமைந்த சபாட்டா என்னும் சிற்றூரிலிருந்து, காலை பத்து மணி அளவில் இருவர் வானில் எழுந்தனர். ஒருவர் அமெரிக்கரான டஸ்டின் மார்ட்டின்; மற்றவர் ஆஸ்திரேலியரான ஜானி டுராண்ட். ஏறத்தாழப் பதினொரு மணி நேரத்திற்குப் பின், அதே மாநிலத்தின் வடமேற்கில் உள்ள லப்பாக் நகருக்கு அருகே இருவரும் தரையிறங்கினர். டுராண்ட் கடந்த தொலைவு 761 கிலோமீட்டர். மார்ட்டின் கடந்தது 764 கிலோமீட்டர். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே உள்ள சாலைத் தொலைவைவிட இது மிகுதி.

அவர்கள் சென்றது விமானத்தில் அன்று. ஹேங் கிளைடர் எனப்படும் தொங்கு மிதவூர்தியில். அதில் விசைப்பொறி இல்லை, எரிபொருள் இல்லை, இருக்கைகூட இல்லை. அலுமினியம், கரிம இழை ஆகியவற்றாலான சட்டத்தின்மீது வலுவான செயற்கைத் துணி போர்த்திய முக்கோணச் சிறகு மட்டுமே உண்டு. அதன் எடை முப்பது முதல் முப்பத்தைந்து கிலோகிராம் வரை. ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஏறத்தாழப் பத்து மீட்டர் அகலம். ஓட்டுபவர் ஒரு நீண்ட உறைக்குள் குப்புறப் படுத்த நிலையில் சிறகின்கீழ்த் தொங்குகிறார். கைக்கு எட்டும் தொலைவில் உள்ள முக்கோணக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, தம் உடலை இடப்புறமோ வலப்புறமோ நகர்த்துகிறார். உடலின் எடை நகர்ந்த பக்கம் சிறகு திரும்புகிறது. சட்டத்தை முன்னுக்குத் தள்ளினால் வேகம் குறையும். மார்பை நோக்கி இழுத்தால் வேகம் கூடும்.

இவ்வளவு எளிய கருவியைக் கொண்டு இவ்வளவு நெடிய தொலைவைக் கடந்தது எப்படி என்பதே வினா.

எண்கள் எழுப்பும் வியப்பு

விசைப்பொறி இல்லாத எந்த ஊர்தியும் காற்றில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சிறந்த தொங்கு மிதவூர்தி, அசைவற்ற காற்றில் ஒரு மீட்டர் கீழிறங்கும் நேரத்திற்குள் ஏறத்தாழப் பதினைந்து மீட்டர் முன்னேறும். நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வீதம் அது உயரத்தை இழக்கும். 1500 மீட்டர் உயரத்தில் விடப்பட்டால், இருபத்தைந்து மணித்துளிகளில் தரையைத் தொட்டுவிடும். அதற்குள் 22 கிலோமீட்டர் சென்றிருக்கும்.

இந்தக் கணக்கின்படி 764 கிலோமீட்டர் செல்ல வேண்டுமானால், 51 கிலோமீட்டர் உயரத்திலிருந்து புறப்பட வேண்டும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரமோ ஒன்பது கிலோமீட்டருக்கும் குறைவு. எனவே, இழந்த உயரத்தை வழியிலேயே மீண்டும் மீண்டும் பெற்றாக வேண்டும். அதைக் கொடுப்பது காற்று. எங்கே கொடுக்கும், எப்போது கொடுக்கும், எவ்வளவு கொடுக்கும் என்று அறிவதுதான் நெடுந்தொலைவுப் பறத்தலின் முழுக்கலையும் ஆகும்.

சிறகின் வரலாறு

சிறகில் தொங்கிப் பறக்கும் முயற்சியை முறையாகத் தொடங்கியவர் ஜெர்மனி நாட்டுப் பொறியாளர் ஓட்டோ லிலியந்தால். அவர் 1891 முதல் ஏறத்தாழ 2000 முறை குன்றுகளிலிருந்து மிதந்து இறங்கினார். அவர் எட்டிய மிகுதியான தொலைவு 250 மீட்டர் அளவே. 1896 ஆகஸ்டு 9ஆம் நாள் பறக்கையில் நிலைகுலைந்து விழுந்த அவர், மறுநாள் உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற அளவீடுகளும் ஒளிப்படங்களும் பின்வந்தோருக்கு வழிகாட்டின. அவற்றைக் கற்றவருள் ரைட் உடன்பிறப்பாளரும் அடங்குவர்.

விசைப்பொறி பொருத்திய விமானங்கள் பெருகியபின், தொங்கிப் பறக்கும் சிறகைப் பெரும்பாலோர் மறந்தனர். 1948இல் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரொகல்லோ, தம் மனைவி கெர்ட்ரூடுடன் இணைந்து, விறைப்பான சட்டம் இல்லாமல் காற்றின் அழுத்தத்தாலேயே வடிவம் பெறும் நெகிழ்சிறகை உருவாக்கினார். 1963இல் ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் நகரைச் சேர்ந்த ஜான் டிக்கின்சன், அத்தகைய சிறகின்கீழ் முக்கோணக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பொருத்தி, விசைப்படகால் இழுக்கச் செய்து பறக்கவிட்டுக் காட்டினார். இன்றைய தொங்கு மிதவூர்தியின் அடிப்படை அமைப்பு அங்கேதான் முழுமை பெற்றது.

அதன்பின் தொலைவுகள் விரைந்து நீண்டன. 1990இல் அமெரிக்கரான லாரி டியூடர் 488 கிலோமீட்டர் பறந்தார். 2001இல் ஆஸ்திரியா நாட்டின் மான்ஃப்ரெட் ரூமர் 700 கிலோமீட்டரைக் கடந்தார். அவர் புறப்பட்ட இடமும் சபாட்டாவே. லிலியந்தாலின் 250 மீட்டருக்கும் ரூமரின் 700 கிலோமீட்டருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சிறகின் செம்மை மட்டும் உண்டாக்கிவிடவில்லை. லிலியந்தால் காற்றின்மீது மிதந்து இறங்கினார். பின்வந்தோர் காற்றின் உள்ளே ஏறக் கற்றனர்.

ஏறுகாற்று என்னும் படிக்கட்டு

கதிரவனின் வெப்பம் காற்றை நேரடியாகச் சூடாக்குவது மிகக் குறைவு. அது நிலத்தைச் சூடாக்குகிறது. நிலம் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. எல்லா நிலமும் ஒரே அளவில் சூடாவதில்லை. உழுது காய்ந்த வயல், பாறைப்பரப்பு, மணல்வெளி, ஊர்க்கூரைகள் ஆகியவை விரைவில் சூடேறும். நீர்நிலை, அடர்காடு, நனைந்த வயல் ஆகியவை மெல்லச் சூடேறும். சூடான காற்று விரிந்து எடை குறைந்து, சுற்றியுள்ள குளிர்ந்த காற்றால் உந்தப்பட்டு மேலெழுகிறது. உலைநீரின் அடியில் தோன்றும் குமிழிகள் பிரிந்து மேலே வருவதைப் போன்றது இது. இவ்வாறு எழும் காற்றுத்தூணையே வெப்ப ஏறுகாற்று என்கின்றனர்.

ஏறுகாற்று நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் எழுகிறது எனக் கொள்வோம். அதனுள் இருக்கும் மிதவூர்தி நொடிக்கு ஒரு மீட்டர் இறங்கினாலும், நொடிக்கு மூன்று மீட்டர் வீதம் மேலே சென்றுகொண்டிருக்கும். பருந்து வட்டமிடுவது இந்தத் தூணை விட்டு வெளியேறாமல் இருப்பதற்காகவே. மிதவூர்தியும் அவ்வாறே வட்டமிடுகிறது.

மேலேறும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் அளவு குளிர்கிறது. ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறி, பஞ்சுப்பொதி போன்ற திரள்முகில் உருவாகிறது. ஆகவே, தட்டையான அடிப்பகுதியுடன் வெண்மையாகத் திரளும் ஒவ்வொரு முகிலும் ஓர் ஏறுகாற்றின் உச்சியைக் காட்டும் கொடியாகும். விளிம்பு கூர்மையாகவும் அடி கருமையாகவும் இருந்தால் ஏறுகாற்று வலுவாக உள்ளது என்று பொருள்; விளிம்பு கலைந்து நைந்து போயிருந்தால் அது ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

முகில் இல்லாத இடத்தில் வேறு குறிகளைத் தேட வேண்டும். வட்டமிடும் கழுகு, சுழன்றெழும் புழுதி, வளைந்து செல்லும் புகை ஆகிய அனைத்தும் காற்றின் எழுத்துகளே. வேரியோமீட்டர் என்னும் சிறுகருவி, ஏறும்போது ஒருவகை ஒலியையும் இறங்கும்போது வேறுவகை ஒலியையும் எழுப்பி, கண்ணுக்குத் தெரியாததைச் செவிக்கு உணர்த்துகிறது.

தெரியுமா?

ஏறுகாற்றில் எவ்வளவு நேரம் இருப்பது, இரு ஏறுகாற்றுகளுக்கு இடையே எவ்வளவு விரைவாகச் செல்வது என்பதைக் கணக்கிடும் முறையை வகுத்துப் புகழ்பெற்றவர் அமெரிக்கரான பால் மக்கிரெடி. அவர் 1956இல் மிதவை வானூர்திப் போட்டியில் உலக வாகையர் ஆனவர். மனிதனின் கால்வலிமையால் மட்டுமே இயங்கி, வகுத்த பாதையில் பறந்து 1977இல் பரிசு வென்ற ‘கோசமர் காண்டர்’ என்னும் ஊர்தியை உருவாக்கியவரும் அவரே.

ஏன் சபாட்டா?

உலகெங்கிலும் மலைகள் பல இருக்க, சமவெளியில் உள்ள இச்சிற்றூரை நெடுந்தொலைவு வீரர்கள் நாடுவதற்குக் காரணங்கள் உண்டு.

முதற்காரணம் காற்று. கோடையில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து தென்கிழக்குக் காற்று விடாது வீசும். தமிழ்மரபில் சொன்னால், தென்றலுக்கும் கொண்டலுக்கும் இடைப்பட்ட திசைக்காற்று அது. வட்டமிட்டு மேலேறும் நேரத்திலும் இக்காற்று மிதவூர்தியை வடமேற்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அது வீசுவதாகக் கொண்டால், பதினொரு மணி நேரத்தில் 330 கிலோமீட்டரைக் காற்றே கொடுத்துவிடும்.

இரண்டாவது காரணம் ஈரம். கடலிலிருந்து வரும் காற்று ஈரம் மிகுந்தது. எனவே, காலையிலேயே தாழ்ந்த உயரத்தில் முகில்கள் தோன்றிவிடும். உலர்ந்த பாலைநிலங்களில் ஏறுகாற்று வலுப்பெற நண்பகல் ஆகும். இங்கோ காலை பத்து மணிக்கே பயணம் தொடங்கலாம். காற்றின் போக்கிற்கு இணையாக முகில்கள் நீண்ட வரிசைகளாக அணிவகுப்பதும் உண்டு. இம்முகில்வரிசையின் அடியில் செல்பவர், வட்டமிடாமலே உயரத்தைக் காத்துக்கொண்டு நேராகச் செல்ல இயலும்.

மூன்றாவது காரணம் நிலம். வடக்கே செல்லச் செல்ல நிலம் மெல்ல உயர்ந்து, உலர்ந்து, பரந்த சமவெளியாக விரிகிறது. முகில்களின் அடிமட்டமும் பொழுது ஏற ஏற உயர்ந்து, பிற்பகலில் 2000 மீட்டரையும் கடக்கும். மலைத்தொடரோ கடலோ குறுக்கிடுவதில்லை. லப்பாக் பகுதியில் கோடைக் கதிரவன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும். நீண்ட பகல், நெடிய நிலம், துணைக்காற்று ஆகிய மூன்றும் கூடும் இடங்கள் உலகில் மிகச் சில.

காலை முதல் மாலை வரை

சமவெளியில் குதித்துப் பறக்கக் குன்று இல்லை. எனவே, சிறிய விசை வானூர்தி ஒன்று கயிற்றால் மிதவூர்தியை இழுத்துச் சென்று, சில நூறு மீட்டர் உயரத்தில் விடுகிறது. கயிற்றை விட்டபின் இறுதிவரை வேறு உதவி இல்லை.

காலைப்பொழுதே மிகக் கடினமானது. முகிலடி தாழ்ந்திருப்பதால் ஏறக்கூடிய உயரம் குறைவு, ஏறுகாற்றும் மெலிந்திருக்கும். கீழே முட்புதர் அடர்ந்த நிலம், சாலைகள் அரிது. ஓர் ஏறுகாற்றைத் தவறவிட்டால் சில மணித்துளிகளில் தரையைத் தொட நேரும்; அந்நாள் அத்துடன் முடிந்துவிடும். காத்திருந்து வெயில் வலுத்தபின் புறப்படலாமே என்று தோன்றும். ஆனால், காலையில் இழந்த ஒரு மணி நேரம் மாலையில் அறுபது, எழுபது கிலோமீட்டர் குறைவாக எதிரொலிக்கும். முந்திப் புறப்பட்டால் விழும் இடர். பிந்திப் புறப்பட்டால் எட்டாத் தொலைவு. இவ்விரண்டிற்கும் நடுவே முடிவெடுக்க வேண்டும்.

நண்பகலுக்குப் பின் வானம் மனம் இளகுகிறது. ஏறுகாற்று வலுக்கிறது, முகிலடி உயர்கிறது. இப்போது தேவைப்படுவது விரைவு. மெலிந்த ஏறுகாற்றில் நின்று காலம் கழிப்பது இழப்பு. முன்னால் வலுவானது கிடைக்கும் என்றால் இருப்பதை விட்டுச் செல்ல வேண்டும். மக்கிரெடியின் கணக்கு கூறுவது இதுவே: அடுத்த ஏறுகாற்று எவ்வளவு வலுவாக இருக்கும் என எதிர்பார்க்கப்படுகிறதோ, அதற்கேற்ப இடைவழி வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். நம்பிக்கைக்கும் ஓர் அளவு உண்டு என்பதை எண்ணால் சொல்லும் விதி இது.

மாலை நெருங்கும்போது விதி தலைகீழாகிறது. நிலம் குளிரத் தொடங்குகிறது. முகில்கள் ஒவ்வொன்றாகக் கலைகின்றன. அடுத்த ஏறுகாற்று உண்டா என்பதே உறுதி இல்லை. பிற்பகலில் புறக்கணித்திருக்கக்கூடிய மெலிந்த காற்றும் இப்போது பொன்னாகிறது. நொடிக்கு அரை மீட்டர் வீதம் ஏறினாலும், ஏன், ஏறாமல் உயரத்தை இழக்காமல் இருந்தாலும் போதும். பின்காற்று தன் போக்கில் முன்னே கொண்டு செல்லும். ஒன்பது, பத்து மணி நேரம் அசையாமல் படுத்திருந்த தோளும் கழுத்தும் தளர்ந்துபோன வேளையில்தான் மிகுந்த பொறுமையைக் கேட்கிறது வானம். கடைசி ஏறுகாற்றிலிருந்து எவ்வளவு உயரம் பெறப்படுகிறதோ, அதுவே கடைசி மிதப்பின் நீளத்தை அறுதியிடும்.

இருவர் சென்ற ஒரு வழி

மார்ட்டினும் டுராண்டும் ஒரே நாளில் ஒரே சாதனையை நாடிப் புறப்பட்டவர்கள். ஒருவர் வென்றால் மற்றவர் பெயர் சாதனைப் பட்டியலில் இடம்பெறாது. ஆயினும், அன்றைய பகலின் பெரும்பகுதியை இருவரும் சேர்ந்தே கடந்தனர்.

இதற்கு நட்பு ஒரு காரணம் என்றால், வானின் இயல்பு மற்றொரு காரணம். ஏறுகாற்று கண்ணுக்குத் தெரியாதது. ஒருவர் தனியே தேடினால் ஒரு கோட்டில் மட்டுமே தேட இயலும். இருவர் சற்று விலகிப் பறந்தால் தேடும் பரப்பு இருமடங்காகும். ஒருவருக்கு ஏற்றம் கிடைத்தவுடன் அவர் வட்டமிடத் தொடங்குவார். அதைக் கண்டு மற்றவர் அங்கு வந்து சேர்வார். சேர்ந்து வட்டமிடும்போதும் யார் விரைந்து ஏறுகிறாரோ அவர் இருக்கும் பக்கமே காற்றின் வலிய பகுதி என்பது புலப்படும். ஒருவரின் சிறகு மற்றவருக்குக் கருவியாகிறது.

அன்று இருவருமே ரூமரின் பழைய எல்லையைக் கடந்தனர். இறுதியில் மார்ட்டின் மூன்று கிலோமீட்டர் முன்னே இறங்கினார். ஒன்றுக்குப் பதினைந்து என்னும் கணக்கில் பார்த்தால், அந்த மூன்று கிலோமீட்டர் என்பது 200 மீட்டர் உயரத்திற்குச் சமம். 764 கிலோமீட்டரில் மூன்று கிலோமீட்டர் என்பது நூற்றில் அரைப்பங்கும் இல்லை. பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் சாதனைப் பட்டியலில் மார்ட்டினின் பெயர் இடம்பெற்றது. ஆனால், அந்த எண்ணுக்குள் அன்று உடன் பறந்த மற்றொரு சிறகின் பங்கும் மறைந்திருக்கிறது.

இடரும் எல்லையும்

நெடுந்தொலைவுப் பறத்தல் வீரம் மட்டும் அன்று. எங்கே நிறுத்துவது என்னும் தெளிவும் ஆகும். ஏறுகாற்றைத் தரும் முகில் அளவுமீறி வளர்ந்தால் இடிமுகிலாகும். அதன் அடியில் சிக்கியவரை அது மேலே உறிஞ்சிக்கொள்ளும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில், துணிச்சிறகு மிதவையில் பறந்த ஜெர்மனி வீராங்கனை ஏவா விஷ்னியர்ஸ்கா, இடிமுகிலால் இழுக்கப்பட்டு 9900 மீட்டருக்கும் மேல் சென்றார். உறைகுளிரிலும் உயிர்வளிக் குறைவிலும் நினைவிழந்த அவர், பின்னர் நினைவு திரும்பித் தரையிறங்கி உயிர்பிழைத்தார். அதே இடிமுகிலில் சிக்கிய மற்றொரு வீரர் உயிரிழந்தார். பலமுறை பறந்து தேர்ந்தவர்களுக்கும் வானம் சலுகை காட்டுவதில்லை.

எனவேதான் பயிற்சி பெற்றவர்கள் மாற்று வான்குடை ஒன்றை எப்போதும் உடன் கொண்டு செல்கின்றனர். எந்த உயரத்திற்குக் கீழே சென்றால் ஏறுகாற்றைத் தேடுவதை விட்டுவிட்டு இறங்கும் இடத்தைத் தேட வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்கின்றனர். இடிமுகில் வளரும் திசையைத் தவிர்த்து, சாதனையைக் கைவிட்டுத் தரையிறங்குவதை அவர்கள் தோல்வியாகக் கருதுவதில்லை. மறுநாளும் பறக்க வேண்டும் என்பதே அவர்களின் முதல் விதி.

காற்று தரும் பாடம்

விசைப்பொறி உள்ள விமானம் காற்றைக் கிழித்துச் செல்கிறது. மிதவூர்தியால் அவ்வாறு செய்ய இயலாது. அது காற்றைக் கேட்டுச் செல்கிறது. காற்று அனுமதிக்கும் திசையில், அனுமதிக்கும் நேரத்தில் மட்டுமே அதற்கு வழி உண்டு. ஆயினும், அது காற்றுக்கு அடிமை அன்று. எந்த முகிலை நம்புவது, எதை விடுவது, எப்போது விரைவது, எப்போது காத்திருப்பது என்னும் தெரிவுகள் அனைத்தும் ஓட்டுபவருடையவை. அன்றைய பகலில் சபாட்டாவிலிருந்து லப்பாக் வரை வீசிய காற்று எல்லார்க்கும் பொதுவானது. அதைப் படித்தவர்களுக்கு மட்டும் அது 764 கிலோமீட்டர் நீளமான பாதையாக விரிந்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் பருந்தோ கழுகோ எந்த நேரத்தில், எந்த நிலப்பரப்பின்மேல் வட்டமிட்டு உயர்கிறது என்பதை ஒரு வாரம் கண்டு குறிப்பெடுக்க. ஏறுகாற்று பற்றிப் படித்தவற்றோடு அக்குறிப்புகளை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘போட்டியாளர் இருவர் ஒருவருக்கொருவர் துணைநிற்பது போட்டியின் தன்மையைக் குறைக்குமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று பொழுதுகளிலும் மிதவூர்தி வீரர் எடுக்க வேண்டிய முடிவுகளை அட்டவணைப்படுத்துக.